தகரத்தைக் கழற்றாமல் போட்ட கையெழுத்து

சென்ற வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். வெள்ளைத் துணி விரித்து, பிரித்த எஞ்சினின் உறுப்புகளைக் கொலுவில் பொம்மை வைப்பதுபோல் அடுக்கி, ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்த படம். ஆறு பிஸ்டன், ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. கீழே ஒரு கேள்வி: “ஐயா, ரீபில்ட் பண்ணி ஒரு வருஷம்தான் ஆகுது. மறுபடியும் எக்ஸாஸ்ட் வால்வு பிடிச்சிடுச்சு. ஓனர் கத்துறார். எந்தக் கம்பெனி கைடு போட்டா நம்பி ஓட்டலாம்?”

படம் அழகாக இருந்தது. கேள்விதான் அசட்டுத்தனமாக இருந்தது. அவருக்கு மட்டும் பதில் போட்டால் அவர் மட்டும் கோபித்துக்கொள்வார் என்பதால், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பின்பக்கம் எஞ்சின் வைத்த, தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிர்கிற அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. எஞ்சினைப் போர்த்தியிருக்கும் தகரம் அந்தக் காற்றைச் சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே ஓட்டுகிறது. மிச்சச் சூட்டை எண்ணெய் சுமக்கிறது. அவ்வளவுதான். நம் கழனிகளில் ஓடுகிற காற்றுக்குளிர் பம்புசெட்டு எஞ்சினும் இதே பிழைப்புதான் பிழைக்கிறது. பம்புசெட்டு சேற்றிலும் வெயிலிலும் கிடந்து இருபது வருடம் ஓடுகிறது. பட்டுறை போர்த்தி, ஏசி அறையில் நிறுத்திய கார் இரண்டு கோடையைத் தாண்டத் திணறுகிறது. உடனே எஞ்சினை நம்ப முடியாது என்று பேச்சு கிளம்புகிறது.

அப்படிப் பேசுகிறவர்கள் யார் என்று பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு எண்ணெயின் பெயரை மந்திரம்போல் உச்சரிப்பவர்கள். கடல் கடந்து வரும் பிஸ்டன் செட்டுக்கும், அதற்கான சுங்கவரிக்கும், எஞ்சின் உடம்பில் பிடுங்கிக்கொண்ட ஸ்டட் ஆணிக்குப் புதிதாக மரை வெட்டுவதற்கும் உத்திரமேரூரில் ஒரு மனை வாங்கும் பணத்தைக் கொட்டுபவர்கள். இத்தனையும் செய்துவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து விரலால் ஒரு செதிலைத் தடவிப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அவர்களை விடுங்கள். அவர்கள் பணம், அவர்கள் பாடு. தடவிப் பார்க்கச் சம்பளம் வாங்கிய நானே பார்க்காமல் விட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில், பழைய நெல் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, சென்னை இளைஞர் ஒருவர் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஷெட் வைத்திருந்தார். அவரை முதலாளி என்றே சொல்கிறேன். நான் அங்கே தலைமை மெக்கானிக். அதற்கு முன்பு பாதி ஆயுளைப் பம்புசெட்டு ரிப்பேரில் கழித்தவன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் நாட்குறிப்பு எழுதுவேன். கிழமை, தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, செய்த வேலை. கடைசியில் ‘சந்தேகம்’ என்று ஒரு பத்தி. மனதில் உறுத்தியது எதுவானாலும் அந்தப் பத்தியில் ஏறிவிடும். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் எதற்கு உதவியது என்று போகப்போகத் தெரியும்.

சென்னையில் மூன்று கல்யாண மண்டபங்கள் வைத்திருந்த ஒருவர் தன் காரின் எஞ்சினைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். அந்தக் காரின் பெயரை எழுத மாட்டேன். பெயரைச் சொன்னாலே உதிரிகளின் விலை ஏறிவிடுகிற சாதி அது. உறுப்புகள் வந்து சேரவே பத்து மாதம் ஆயிற்று. வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலைத்தான் கைடு என்கிறோம். அந்தக் கைடுகளைப் பொருத்தி, ரீமர் விட்டு உள்விட்டத்தை அளவாக்கியவர் காஞ்சிபுரத்து ஏழுமலை. நெசவுக் குடும்பம். அப்பா தறியில் உட்கார்ந்தார்; இவர் தறிக்கு உதிரி கடையும் லேத்து போட்டார். பிறகு எஞ்சின் வேலைக்கு வந்தார். முடியின் பருமனில் பாதி பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கிற ஆள். பேச்சு மட்டும் அரம்போல் அராவும்.

பங்குனி உத்திரத்தன்று வண்டியை ஒப்படைப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ஓட்டியவர் மண்டபக்காரர். நான் பக்கத்து இருக்கையில். சாலவாக்கத்துக்கு முன்பாக, தார்ச்சாலையின் பாதி அகலத்துக்கு உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அது இங்கே வழக்கம். பிடுங்கிக் காய்ந்த செடியைச் சாலையில் போட்டால், போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து, காய் வெடித்து, உளுந்து தனியாகும். தாம்பு கட்டி மாடு ஓட்டுகிற செலவு மிச்சம்.

மண்டபக்காரர் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கினார். முக்காடு போட்ட ஒரு பெண் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

“சாமி, சாமி! நடுவுல வுட்டு ஏத்து சாமி! ஓரமா போனா எங்களுக்கு இன்னா பிரயோஜனம்?”

மண்டபக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் எடுத்து, செடியின் மேல் ஏற்றினார். அதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னாடி இது, தவள மாரி தரையோட ஒட்டிக்கினு கீது!”

“எஞ்சினு சத்தம் பின்னால வருதுடி.”

“பின்னாலதான் கீது, அம்மா,” என்றேன் நான்.

“அப்ப முன்னால இன்னா வச்சிக்கிறீங்க?”

“பெட்டி வைக்கிற இடம்.”

“ஒரு மூட்ட உளுந்து புடிக்குமா? புடிச்சா வாரத்துக்கு ஒருக்கா வா நைனா, வாடக குடுத்துடறோம்!”

அந்தச் சிரிப்பில் மண்டபக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தன் கைபேசியை என்னிடம் கொடுத்து, இறங்கிப் படம் எடுக்கச் சொன்னார். பிறகு அந்தச் செடிமேல் முன்னும் பின்னுமாக ஐந்து முறை ஓட்டினார். தரையோடு தரையாகப் போகிற வண்டி. பின்மூடிக்கு அடியில் சுழல்கிற விசிறி. சருகும் தூசும் மஞ்சள் புகையாக எழுந்து வண்டியின் பின்புறத்தை மூடின. அந்தப் புகை எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. கை ஆடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல படம். மண்டபக்காரரின் கார்க் குழுவில் அதை எல்லோரும் பார்த்துக் கைதட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் குழுவில் எண்ணெய் நிபுணர்கள் இருந்தார்கள், டயர் நிபுணர்கள் இருந்தார்கள். அந்த விசிறி என்ன குடிக்கிறது என்று கேட்க அவர்களிலும் ஒருவர் இல்லை.

ஷெட்டுக்குத் திரும்பி மூடியைத் திறந்து பார்த்தேன். மேலாகக் கிடந்த சருகைத் துணியால் துடைத்தேன். இடப்பக்க எண்ணெய்க் குழாய் சேரும் முடிச்சில் லேசாக ஈரம். அந்த முடிச்சை முறுக்கியது என் கை. அன்றைய நாட்குறிப்பை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன்: ‘ஓட்டம் நன்று. சந்தேகம்: இடப்பக்கக் குழாய் முடிச்சில் வியர்வை. பார்க்க வேண்டும்.’ அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கு ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது, எலுமிச்சம் பழம்கூட வாங்கியாகிவிட்டது. எஞ்சினை இறக்கித் தகரத்தைக் கழற்ற அரை நாள் ஆகும். எழுதிவைத்துவிட்டதால் ஏதோ செய்துவிட்டதுபோன்ற நிம்மதி எனக்கு. வண்டி போயிற்று.

சித்திரையில் மண்டபக்காரர் முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னார்: “வண்டி ஓட்டும்போது தாளிச்ச வாசன வருது.” முதலாளி அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். “மண்டபத்துச் சமையல் வாசனை சார் மூக்குலயே தங்கிடுச்சு, மாஸ்டர்.” நானும் சிரித்தேன். இதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது. வேடிக்கை என்று தலைப்பிட்டு எழுதியிருக்கிறேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் வண்டி லாரிமேல் ஏறித் திரும்பி வந்தது. இடப்பக்கம் மூன்று சிலிண்டரும் செத்துவிட்டன. மண்டபக்காரர் ஷெட்டில் நின்று கத்தவில்லை. அதைவிட மோசமாக, அமைதியாகப் பேசினார். யார் தவறு என்று மாலைக்குள் எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் குழுவில் எழுதிவிடுவேன் என்றார். அந்தக் குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேரின் வண்டிகள் எங்கள் ஷெட்டில் நின்றிருந்தன.

முதலாளி ஒரு நிபுணரை விமானத்தில் வரவழைத்தார். வெள்ளைக் கையுறை, மடிக்கணினி, பிளக் துவாரம் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கிற குட்டிக் கேமரா. எஞ்சினை இறக்கவில்லை. அவருக்கு மாலை விமானம். உள்ளே பார்த்து, காற்றழுத்தம் சோதித்து, மதியத்துக்குள் முடிவு சொன்னார்: இடப்பக்க எக்ஸாஸ்ட் வால்வு மூன்றும் கைடில் இறுகிவிட்டன. கைடின் உள்விட்டம் போதவில்லை. கடைசல் பிழை.

ஏழுமலையை வரச்சொன்னார்கள். அவர் தன் ரீமரைப் பழைய பட்டுத் துண்டு ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நிபுணர் திரையைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். ஏழுமலை முழுதும் கேட்டுவிட்டு, ரீமரை மேசைமேல் வைத்தார்.

“ஒரே ரீமரு. ஒரே நாளு. ஆறு எக்ஸாஸ்ட் கைடு. வலது பக்கம் மூணும் நல்லா கீது, எடது பக்கம் மூணும் கெட்டுப்பூட்ச்சி. என் ரீமருக்கு எடது எது, வலது எதுன்னு தெரியுமா சார்?”

நிபுணர் என்னைப் பார்த்தார். முதலாளி நிபுணரைப் பார்த்தார். அந்த அறையில் அன்று பேசப்பட்டதில் எஞ்சினைப் பற்றிய ஒரே பேச்சு அதுதான். மற்றதெல்லாம் மாலை விமானத்தைப் பற்றியது, குழுவைப் பற்றியது.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் முதலாளி. “இனிமே இந்த வேலைய நாங்க கோயம்புத்தூர்லயே பண்ணிக்கிறோம்.”

“பண்ணிக்கோ. அத்த வாணாம்னு சொல்லல. ஆனா என் கை தப்புன்னு எயுதுவியா? எயுதி அந்தாளு மெட்ராஸ் பூரா அனுப்புவாரு. அப்பறம் காஞ்சீபுரத்துல தறிக்காரன்கூட என்கிட்ட ஒரு ஆணி கடைய வருவானா?” என்னிடம் திரும்பினார். “மேஸ்திரி, நீ சொல்லு. நீதான பூட்டின. நீ இன்னா சொல்ற?”

“பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்,” என்றேன்.

“அப்ப பிரி.”

“மாஸ்டர்,” என்றார் முதலாளி, கைடு கடைசல் பிழை என்று அச்சிட்ட தாளை என் பக்கம் நகர்த்தி. “மண்டபத்து சார் வெளியே கார்ல உக்காந்துக்கிட்டு இருக்காரு. ரெண்டு வண்டி போயிடும். ரெண்டு வண்டி போனா இந்த ஷெட்டே இல்ல.”

நான் கையெழுத்துப் போட்டேன். கீழே தேதியும் போட்டேன். வெள்ளிக்கிழமை. என் நண்பர்கள் நான் எதற்கும் தேதி போடுவேன் என்று கேலி செய்வார்கள். பொய்க்கும் போட்டிருக்கிறேன். ஏழுமலை ரீமரைப் பட்டுத் துண்டில் சுற்றினார். நிதானமாக, ஒரு மூலைகூடப் பிரியாமல் சுற்றினார். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை எஞ்சினை இறக்கித் தகரத்தைக் கழற்றினோம். கழற்றிய நொடியில் ஷெட் முழுவதும் உளுந்து கருகிய வாசனை. வடை சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் வருமே, அந்த வாசனை. வலப்பக்கச் செதில்களில் தூசி மட்டும். இடப்பக்கத்தில், என் கை சரியாக முறுக்காத முடிச்சிலிருந்து கசிந்த எண்ணெய் செதிலெல்லாம் வழிந்திருந்தது. விசிறி இழுத்த காய்த்தோலும் சருகுமான உளுந்தம் பொட்டு அதில் ஒட்டி, வெந்து, அடைபோல் இறுகியிருந்தது. காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை. நடுவே முழு உளுந்தாகவே பத்துப் பன்னிரண்டு கறுத்துக் கிடந்தன. இடப்பக்கம் சூடேறிச் சூடேறி வால்வுத் தண்டு கைடிலேயே இறுகிவிட்டது. கைடுகளை அளந்து பார்த்தேன். கெடாத வலப்பக்கம் மூன்றும் ஏழுமலை குறித்துக்கொடுத்த அளவிலேயே, இம்மி பிசகாமல் இருந்தன.

எனக்கு வெட்கம் எந்த இடத்தில் வந்தது தெரியுமா? எனக்குப் பம்புசெட்டு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். களத்தில் போரடிக்கிற காலத்தில் பழுதென்று அவரைக் கூப்பிட்டு எந்த எஞ்சினைக் காட்டினாலும், ஸ்பேனரைத் தொடுமுன் விசிறி மூடியைக் கழற்றி, ஒரு குச்சியால் செதில்களைக் குத்தி, பொட்டைத் தட்டிக் கொட்டுவார். பாதி எஞ்சின்கள் அதிலேயே சரியாகிவிடும். பிறகு தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். நானும் அதையே நூறு முறை செய்திருக்கிறேன். வெள்ளைத் துணியும் கையுறையும் வந்ததும், இது வேறு சாதி எஞ்சின், இதற்குப் பம்புசெட்டு வைத்தியம் ஆகாது என்று நினைத்துவிட்டேன். விலை கூடிய எஞ்சினுக்கு விலை கூடிய காரணம்தான் இருக்க வேண்டும் என்பது அந்த நிபுணரின் நோய் மட்டுமல்ல.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து ஓர் உளுந்தை நகத்தால் பெயர்த்துப் பார்த்தார்.

“மாஸ்டர், உளுந்துன்னு சொன்னா ஓட்டுனவர் அவரு, அவர் கோச்சுக்குவாரு. லீக்னு சொன்னா அது நம்ம தப்பு. கைடுன்னு சொன்னா…” தோளைக் குலுக்கினார். “லெட்டர் போயாச்சு. க்ளீன் பண்ணிடுங்க.”

அந்த அடையில் ஒரு துண்டைச் செய்தித்தாளில் மடித்து, நாட்குறிப்பையும் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை முதல் பேருந்தில் காஞ்சிபுரம் போனேன். ஏழுமலை லேத்தை நிறுத்தவில்லை. பொட்டலத்தைப் பிரித்து லேத்தின் ஓரத்தில் வைத்தேன். எட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

“நாஷ்டாவா?”

சொன்னேன். பங்குனியில் அந்தச் செவ்வாய்க்கிழமை ஓட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாட்குறிப்பைத் திறந்து அந்தச் ‘சந்தேகம்’ வரியையும் படித்துக் காட்டினேன். என் நேர்மையை அவர் மெச்சுவார் என்று ஒரு நப்பாசை இருந்திருக்க வேண்டும். லேத்தை நிறுத்தினார்.

“இன்னொரு தபா படி.”

படித்தேன்.

“பாத்துக்கிற. எயுதி வச்சிக்கிற. கயட்டல.” துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். “தகரத்த கயட்ட எவ்ளோ நேரம் ஆவும் மேஸ்திரி?”

“அரை நாள்.”

“கையெயுத்து போட?”

நாட்குறிப்பை மூடினேன்.

“அது சீக்கிரம் ஆய்டும். நான் பாத்துக்கினுதான இருந்தேன்.” மறுபடியும் லேத்தைப் போட்டார். சத்தத்துக்கு மேல் சொன்னார்: “என்கிட்ட வந்து சொன்னா ஆச்சா? எனக்குத்தான் முன்னாலயே தெரியுமே. அந்தாளுக்கு எயுதின இல்ல, அதே ஆளுக்கு எயுது.”

அன்று மதியமே எழுதினேன். கசிந்த முடிச்சு என் வேலை; வண்டியை உளுந்தின்மேல் ஓட்டியது அவர்; தகரத்தைக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டது நான்; கைடு கடைந்தவர்மேல் குற்றம் இல்லை. நாட்குறிப்புப் பக்கத்தின் நகலையும், அந்த அடையில் ஒரு துண்டையும் வைத்து மண்டபக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆடி பிறப்பதற்குள் ஷெட்டில் எனக்கு வேலை இல்லை.

அந்தக் கடிதம் என்ன சாதித்தது என்று கேட்பீர்கள். மண்டபக்காரரிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. ஷெட்டின் வேலை கோயம்புத்தூருக்கே போயிற்று. அந்த எஞ்சினுக்கு இரண்டாம் முறையும் முதல் முறைக்கு ஆன செலவே ஆயிற்று. குச்சியும் அரை நாளும் போதுமாக இருந்த ஒரு காரியத்துக்கு. ஆனால் ஏழுமலையின் கை தப்பு என்ற பேச்சு குழுவில் வரவில்லை. அது கடிதத்தாலா, மண்டபக்காரருக்குத் தான் ஐந்து முறை உளுந்து அடித்துக் கொடுத்தது வெளியே தெரிய வேண்டாம் என்ற வெட்கத்தாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதாகத்தான் இருக்கும். தறிக்காரர்கள் அவரிடம் வருவதை நிறுத்தவில்லை. கோயம்புத்தூரில் காத்திருந்து அலுத்த கார்க்காரர்கள் ஓரிருவராக வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஏழுமலை ஒரு சட்டம் வைத்தார். கைடு மாற்ற, அது உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட் மட்டும் கொண்டுவந்தால் தொட மாட்டார். எஞ்சினைப் போர்த்திய தகரத்தையும் கழுவாமல் கூடவே கொண்டுவர வேண்டும். உட்புறத்தைப் பார்த்த பிறகுதான் ரீமரை எடுப்பார். இன்றும் காஞ்சிபுரம் பேருந்தில் யாராவது வளைந்த அழுக்குத் தகரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும்.

என்னோடு அவர் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பேஜார் குறைவு. எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். பேருந்து நிலையத்தில், ஐயங்கார்குளத்துக் கல்யாண வீட்டுப் பந்தியில், என் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்க வந்தபோது கட்டோடு இருந்த என்னிடம்கூட: “இன்னா மேஸ்திரி, கயட்டினியா?”

நீங்கள் அனுப்பிய படத்தை முந்தாநாள் அவரிடம் காட்டினேன். எந்தக் கம்பெனி கைடு நல்லது என்று பையன்கள் கேட்கிறார்கள் என்றேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பிஸ்டனு கீது. வால்வு கீது. சலவைக்குப் போட்ட வெள்ளத்துணிகூட கீது. தகரம் எங்க?”

“படத்தில் இல்லை,” என்றேன்.

கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“உன் ஆளுங்கதான்.”